ஏமாற்றாத துவக்கு

எங்கள் வீட்டு பேஸ்மென்ற்றில், இறைச்சி வைக்கும் பெரிய குளிர்பெட்டிக்கும் சலவை இயந்திரத்துக்கும் நடுவில், ஓர் இரும்புப் பெட்டி சுவரோடு சேர்த்து அறையப்பட்டிருந்தது. உள்ளே என் கணவரின் கைத்துவக்கு. எல்லாம் சட்டப்படிதான். லைசென்ஸ் இருந்தது, துவக்குச் சுடும் கிளப்பில் அங்கத்துவம் இருந்தது. விசைக்கு ஒரு பூட்டு, பெட்டிக்கு ஒரு பூட்டு, ரவைகளுக்கு வேறொரு பூட்டு. இத்தனை பூட்டுப் போட்டு வைக்க வேண்டிய சாமானை வீட்டுக்குள் ஏன் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

நான் துவக்குக்குப் பயந்தவள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. யாழ்ப்பாணத்தில் நான் வளர்ந்த காலத்தில் துவக்கில்லாத தெரு கிடையாது. யார் கையில் இருக்கிறது என்பதுதான் மாறிக்கொண்டிருக்கும். மொன்றியலில் வந்து இறங்கிய நாளில் விமான நிலையத்துப் பொலிஸ்காரியின் இடுப்பில் இருந்த துவக்கைப் பார்த்தே வரிசையை விட்டு விலகி நின்றேன். பிறகு லவாலில் வீடு வாங்கி, புல்லு வெட்டி, பனி வழித்து, ஒரு பிள்ளையை வளர்த்துப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பியாயிற்று. பயம் ஒருவாறு அடங்கியிருந்தது. அப்படி இருக்கும்போதுதான் எங்கடை ஆள் அதை ஒரு பெட்டியில் வைத்துத் தானே வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அவருக்குத் துறைமுகத்தில் பாரந்தூக்கிகள் திருத்தும் வேலை. அவரோடு வேலை செய்த ஒரு வயதான கியூபெக்காரர் ஓய்வு பெறும்போது தன் ரிவால்வரை இவருக்கு விற்றுவிட்டுப் போனார். நீல இரும்பு, மரப்பிடி, ஆறு ரவை போடும் உருளை. அதற்குப் பிறகு சட்டம் மாறிவிட்டது. கைத்துவக்கை இப்போது வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. வைத்திருப்பவர் வைத்திருக்கலாம், வேண்டாமென்றால் பொலிசிடம் ஒப்படைக்கலாம். நான் இரண்டாவதைத்தான் எந்நேரமும் சொல்லிக்கொண்டிருந்தேன். "இஞ்சருங்கோ, உதை விடுங்கோ. எனக்கு ஏலாமல் கிடக்கு" என்பேன். அவர் சிரிப்பார். "பூட்டின பெட்டி உம்மை என்ன செய்யப்போகுது?" என்பார். பூட்டிய பெட்டி என்ன செய்யும் என்று எனக்கும் தெரியாது. ஆனால் இறைச்சி எடுக்க இறங்கும்போதெல்லாம் நான் அந்தப் பெட்டிக்கு முதுகைக் காட்டியதில்லை. நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போய், பக்கவாட்டில் வந்தேன்.

இந்த நிலைமையில்தான் சென்னைக்காரர் எங்கள் வீட்டுக்குள் வந்தார்.

லொங்குய்யில் ஓர் அலுவலகத்தில் எஞ்சினியர். எங்களை விட இளையவர், கலகலப்பான மனிதர். கிளப்பில் என் கணவருக்குப் பக்கத்துத் தடத்தில் நின்று சுட்டபோது, வெடித்த ரவையின் சூடான வெற்றுக் கோது ஒன்று அவர் சட்டைக் காலருக்குள் விழுந்திருக்கிறது. "ஐயோ அம்மா" என்று கத்தியிருக்கிறார். முழுவதும் பிரெஞ்சு பேசும் அந்தக் கொட்டகையில் அந்தக் கத்தலைக் கேட்டு என் கணவர் உருகிப்போனார். அடுத்த கிழமையே வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிவந்துவிட்டார்.

சென்னைக்காரரிடம் இருந்தது புதுவகைப் பிஸ்டல். பாதி இரும்பு, பாதி பிளாஸ்டிக். இரண்டு பேருக்கும் நல்ல சிநேகம், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் கீரியும் பாம்பும்.

"அண்ணா, உங்களோடது மியூசியத்துல வைக்க வேண்டியது."

"தம்பி, உம்மடையது விளையாட்டுச் சாமான் கடையிலை வைக்க வேண்டியது."

"என்னோடதுல பதினஞ்சு குண்டு போடலாம்னுதான் செஞ்சான். இந்த நாட்டுச் சட்டம்தான் பத்தோட நிப்பாட்டிருச்சு."

"பத்துப் போட்டென்ன, மூண்டாவதோடை சிக்குதே. போன கிழமை சிக்கினது ஆரின்ரை சாமான்?"

"அது தோட்டா சரியில்லண்ணா."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் மிக்சரை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவேன். அங்கேயும் அவர்களின் சத்தம் வரும்.

அவர்களுக்குள் மொழிச் சிக்கலும் உண்டு. எங்களுக்குத் துவக்கு என்றால் சுடுகிற சாமான். அவருக்குத் துவக்கு என்றால் ஏதோ திறப்பு விழா. ஒருமுறை என் கணவர் போனில், "தம்பி, ரவை முடிஞ்சுது, வரேக்கை வாங்கிக்கொண்டு வாரும்" என்று சொல்லியிருக்கிறார். அவர் அந்த ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்கு இரண்டு பக்கெற் வறுத்த ரவையோடு வந்து நின்றார். "அண்ணி உப்புமா செய்யப் போறாங்கன்னு நினைச்சேன்" என்றாராம். அந்த ரவையில்தான் நான் ஒரு மாதம் உப்புமா கிண்டினேன். அதற்காவது அந்தத் துவக்கு உதவியது.

சிரித்தேன்தான். ஆனால் சிரித்துக்கொண்டே அவர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும். என் கணவருடைய வாதம் எப்போதும் ஒன்றுதான்.

"இஞ்சை பாரும். உம்மடையது சிக்கினா சிக்கினதுதான். தட்ட வேணும், இழுக்க வேணும், கழட்ட வேணும், பேந்து அதுக்குப் பூசையும் வைக்க வேணும். என்ரையிலை ஒரு ரவை வெடிக்காட்டி என்ன? விசையைத் திருப்பி இழுத்தால் சரி. உருளை சுத்தும், அடுத்த ரவை தானா முன்னுக்கு வந்து நிக்கும். இது ஒருநாளும் ஏமாத்தாது."

ஏமாற்றாது, நம்பலாம் என்று அவர் மாறி மாறிச் சொல்வதைக் கேட்டபடி நான் வெங்காயம் அரிவேன். ஏமாற்றாத துவக்கு என்றால் என்ன? சுடுகிற துவக்கு. எவன் கையில் இருந்தாலும், எந்தப் பக்கம் பார்த்தாலும், விசையை இழுத்தவுடன் சுடுகிற துவக்கு. அதைத்தான் இவர்கள் பிள்ளைக்குச் சாதகம் பார்ப்பதுபோல் இருந்து பெருமையாகப் பேசுகிறார்கள்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டேன்.

"ஒருநாளும் ஏமாத்தாது எண்டுதானே சொல்லுறீங்கள். ஒருக்கா ஏமாத்தினால் பொலிசிட்டைக் குடுப்பீங்களோ?"

அவர் சென்னைக்காரரைப் பார்த்தார். ரோசக்காரர், இன்னொருவர் முன்னால் பின்வாங்க மாட்டார் என்று தெரிந்துதான் கேட்டேன்.

"குடுக்கிறன்" என்றார்.

"சத்தியமாவோ?"

"ஓம், சத்தியமா."

சென்னைக்காரர் கை தட்டினார். "சூப்பர் அண்ணி! நானும் பந்தயத்துக்கு ரெடி. ரெண்டு பேரும் ஒரே நாள்ல சுடுறோம். யாரோடது மக்கர் பண்ணுதோ அவங்க அவுட். அண்ணிதான் நடுவர்."

நடுவர் என்றால் நான் அங்கே போக வேண்டும். அதை யோசிக்காமல் வாயைக் கொடுத்துவிட்டேன்.

அந்தக் கிழமை கோயிலுக்குப் போய்ப் பிள்ளையாருக்கு ஒரு நேர்த்தி வைத்தேன். விக்கினம் தீர்க்கிறவரிடம் போய், ஒரேயொரு விக்கினம் கொடுங்கோ சாமி என்று கேட்டவள் நானாகத்தான் இருக்கும். அந்தச் சனியன் ஒருமுறை வெடிக்காமல் போனால் போதும், தேங்காய் உடைக்கிறேன் என்றேன். அதற்கு மேல் நான் எதையும் யோசிக்கவில்லை.

ஞாயிறு காலை, பனி தூவிக்கொண்டிருந்தது. லவாலில் இருந்து பாலம் தாண்டி, நகரம் தாண்டி, மறுபடி ஆற்றின் மேல் பாலம் தாண்டித் தென்கரைக்குப் போக வேண்டும். துவக்கு காரின் பின்பெட்டிக்குள், பூட்டுக்குள் பூட்டாக. ஒவ்வொரு பள்ளத்திலும் கார் துள்ளும்போது நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். என் கணவர் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தார்.

கிளப் என்பது வயல்களின் நடுவில் ஒரு தகரக் கூரைக் கொட்டகை. உள்ளே கருகிய வெடிமருந்து மணம். அந்த மணம் மூக்கில் ஏறியதும் திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது. காதுக்குப் பெரிய மூடிகள் தந்தார்கள், கண்ணுக்குக் கண்ணாடி. நிலத்தில் ஒரு மஞ்சள் கோடு. அதற்குப் பின்னால்தான் நான் நிற்க வேண்டும் என்றார்கள். சுடுகிறவர்களைக் கவனிக்கும் பொறுப்பில் அன்று ஒரு பெண் இருந்தாள். செம்மஞ்சள் அங்கி, பின்னிய வெள்ளைத் தலைமயிர், என் வயதிருக்கும். வழக்கமாக ஆண்கள்தான் அந்தப் பொறுப்பில் நிற்பார்களாம். அவள் எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, என் முகத்தைப் பார்த்துவிட்டு, தோளில் இலேசாகத் தட்டினாள். நான் அழப் பார்த்தேன்.

முதலில் சென்னைக்காரர். அவருடைய பிஸ்டல் டப் டப் என்று சுட்டுத் தீர்த்தது. காதை மூடியிருந்தும் ஒவ்வொரு வெடியும் என் நெஞ்சுக்குள் கேட்டது. ஒன்றும் சிக்கவில்லை. அவர் துவக்கை வெறுமையாக்கி மேசையில் வைத்துவிட்டு, கலியாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

பிறகு என் கணவர். எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். ஒன்று, இரண்டு, மூன்று. ரிவால்வரின் வெடி இன்னும் மோசம், கொட்டகையே அதிர்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையாரே என்று நின்றேன்.

நாலாவதற்கு வெடி வரவில்லை. டிக் என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான்.

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. ஏமாற்றிவிட்டது! சென்னைக்காரர் இரண்டு கையையும் தூக்கி ஆடத் தொடங்கினார். என் கணவர் நம்ப முடியாமல் துவக்கையே பார்த்தபடி நின்றார். அப்போது என் பக்கத்தில் நின்ற பெண் முன்னால் ஓர் அடி வைத்து, உரத்த குரலில், "விட்! விட்!" என்றாள். பிரெஞ்சில் வெறுமையாக்கு என்று அர்த்தம். உருளையைத் திறந்து ரவைகளை வெளியே கொட்டு என்கிறாள்.

என் கணவர் கொட்டவில்லை. திரும்பினார்.

முழு உடம்போடும் திரும்பினார். கை நீட்டியபடியே, கையில் துவக்கு இருந்தபடியே, விரல் விசையில் இருந்தபடியே. அவருடைய முகத்தில் அப்படி ஒரு பதற்றத்தை நான் கண்டதில்லை. கண் என்னைத் தேடியது. கண் போன இடத்துக்குத் துவக்கும் வந்தது. அந்தக் கறுப்பு ஓட்டை என்னைப் பார்த்தது.

என் இரண்டு கைகளும் தலைக்கு மேல் போயின. நான் தூக்கவில்லை, அவை தாமாகப் போயின. முன்னால் நிற்பது யார் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. சுட வேண்டாம் என்று சிங்களத்தில் சொல்ல வேண்டும் என்றுதான் மூளை சொற்களைத் தேடிக்கொண்டிருந்தது.

சென்னைக்காரர் தாவி வந்து அவர் முழங்கையை மேலே தட்டினார். தட்டிய தட்டில் விரல் இறுகியது. உருளை சுற்றியது, அடுத்த ரவை தானாக முன்னுக்கு வந்து நின்றது. வெடித்தது. கூரையில் இருந்து தூசி கொட்டியது.

அதற்குப் பிறகு நடந்தவை எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். எல்லாத் தடங்களிலும் சூடு நின்றுபோனது. அந்தப் பெண் துவக்கைப் பிடுங்கி, உருளையைத் திறந்து, உள்ளே இருந்ததை மேசையில் கொட்டினாள். வெடிக்காத ரவையின் பின்பக்கத்தில் ஊசி குத்திய பள்ளம் தெரிந்தது. யாரோ எனக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார்கள்.

அலுவலக அறையில் அவள் என் கணவரிடம் கேட்டாள், ஏன் திரும்பினாய் என்று. இத்தனை வருட அங்கத்தவர், விதிகளெல்லாம் தெரிந்தவர். "என் மனைவி கூப்பிட்டாள்" என்றார் அவர் பிரெஞ்சில். அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயே திறக்கவில்லை என்று தலையை ஆட்டினேன்.

அவர் என்னிடம் திரும்பினார்.

"நீர்தானே விடு எண்டு கத்தினீர்? காது மூடிக்குள்ளாலை பொம்பிளைக் குரல் கேட்டுது. விடுங்கோ எண்டு கேட்டிருந்தா நான் திரும்பியிருக்க மாட்டன், அது வீட்டிலை எந்த நாளும் கேக்கிறதுதானே. விடு எண்டு கேட்டுது. கலியாணம் கட்டின நாளிலையிருந்து நீர் என்னை அப்பிடிச் சொன்னதில்லை. உமக்கு ஏதோ நடந்திட்டுது எண்டு நினைச்சிட்டன்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் ஒரு கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், சமையல் வேலை செய்கிறேன். அங்கே குழந்தைகள் சாப்பிட்டு முடித்துக் கோப்பையைத் தூக்கிக் காட்டி "விட்! விட்!" என்று கத்துவார்கள். வெறுமை, முடிந்தது, இன்னும் தா என்று அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு குழந்தையின் கோப்பையை நான் பிடித்திருந்தபோது அது அப்படிக் கத்த, நான் கோப்பையை விட்டுவிட்டேன். நிலத்தில் விழுந்து உடைந்தது. அதை வீட்டில் வந்து சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். ஏனோ சொல்லவில்லை.

சென்னைக்காரர் அந்தப் பெண்ணுக்கு விளக்க முயன்றார். எங்கள் மொழியிலும் அப்படி ஒரு சொல் இருக்கிறது, மரியாதையோடு சொன்னால் ஒரு விதம், மரியாதை இல்லாமல் சொன்னால் ஒரு விதம், உங்கள் 'தூ'வும் 'வூ'வும் போல என்றார். பிரெஞ்சில் 'தூ' என்றால் நீ, 'வூ' என்றால் நீங்கள். அவளுக்கு விளங்கியது. கியூபெக்கில் நாங்கள் எல்லாரையும் 'தூ' என்றுதான் சொல்வோம் என்று மெல்லிய குரலில் சொன்னாள். ஆனாலும் விதி விதிதான். என் கணவருடைய அங்கத்துவ அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, துவக்கைப் பூட்டிக் கையில் கொடுத்து, நேராக வீட்டுக்குப் போகும்படி சொன்னாள். கதவுவரை வந்து, "யாருக்கும் ஒன்றுமில்லை, கூரையில்தான் பட்டது" என்றாள்.

வெளியே பனியில் மூவரும் நின்றோம். சென்னைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "கூரையிலதான்ணா பட்டுது. விடுங்க" என்றார். பிறகு, "என்னோடதா இருந்தா அந்த டிக்கோட நின்னுருக்கும்ணா. தட்டி இழுக்காம அடுத்தது வந்திருக்காது" என்றார். இத்தனை நாள் வாதத்தில் தன் பிஸ்டல் நின்றுபோகும் என்று அவர் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. யாரும் சிரிக்கவில்லை.

காரில் ஏறினோம். சென்னைக்காரர் தன் காரில் பின்னால் வந்தார். என் கணவர் பாட்டுப் போடவில்லை. பெருந்தெருவில் கொஞ்சத் தூரம் போன பிறகு, வீதியையே பார்த்தபடி கேட்டார்.

"நீர் ஏன் கையைத் தூக்கினீர்?"

நான் கண்ணாடிப் பக்கம் திரும்பினேன்.

"எல்லாரும் கூரையிலை பட்டுது, கூரையிலை பட்டுது எண்டுதான் சொல்லுறாங்கள். நான் துவக்கைப் பாக்கேல்லை. உம்மைத்தான் பாத்தனான். நீர் ஏன் கையைத் தூக்கினீர்?"

கூரையில்தான் பட்டது என்று நானும் சொல்லியிருக்கலாம். அவருடைய நெற்றியில் அந்தக் குளிரிலும் வியர்த்திருந்தது. அவர் மேல் எனக்கு இரக்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. அவருக்குப் பக்கத்தில், அந்தச் சின்னக் காருக்குள் இருக்கவே பயமாக இருந்தது. அப்படி ஒரு பயம் இந்த மனிதரிடம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

"துவக்கு என்னைப் பாத்தது" என்றேன்.

அவர் சிக்னல் போட்டு, வீதியோரத்தில் காரை நிறுத்தினார். லொறிகள் போகும் காற்றில் கார் ஆடியது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

பின்னால் நிறுத்திய சென்னைக்காரர் பனிக்குள் குனிந்தபடி ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார். "என்னாச்சுண்ணா, வண்டி மக்கர் பண்ணுதா?"

"கார் சரி தம்பி" என்றார் என் கணவர். "ஞாயிற்றுக்கிழமையிலை பொலிஸ் ஸ்டேசனிலை சாமானை வாங்குவாங்களோ?"

சென்னைக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "முதல்ல போன் பண்ணிக் கேட்டுட்டுப் போகணும்ணா. அதைத் தூக்கிட்டு நேரா உள்ள போகக் கூடாது. நான் பேசுறேன், நீங்க இருங்க" என்று தன் காருக்குத் திரும்பிப் போனார்.

கண்ணாடியை ஏற்றிவிட்டு, என் கணவர் என் கையைப் பிடிப்பதற்குத் தன் கையை நீட்டினார். அவர் கை என் பக்கம் வந்ததும் மடியில் இருந்த என் இரண்டு கைகளும் மேலே எழும்பின. அவர் கண்டுவிட்டார். நீட்டிய கையை மெதுவாக இழுத்துத் தன் தொடையில் வைத்துக்கொண்டு, என் கைகள் கீழே இறங்கும்வரை அசையாமல் காத்திருந்தார்.